மனித மூளையின் செயற்பாடுகள்

மனித மூளை என்பது நினைவாற்றல், கவனம், மொழி, உடலியக்கம் ஆகியவற்றை ஆளும் நடு நரம்பு மண்டலத்தின் தலைமை உறுப்பு ஆகும். இந்த நான்கு செயற்பாடுகளும் மூளைக்குள் நான்கு தனி அறைகளில் நடைபெறுவன அல்ல. ஒவ்வொன்றும் மூளையின் பல பகுதிகள் இணைந்து இயங்கும் ஒரு வலைப்பின்னலின் விளைவாகும். ஆயினும், ஒரு வலைப்பின்னல் சிதைந்த பின்னரும் மற்றொன்று நிலைத்திருக்கக்கூடும். பேச்சை இழந்தவர் நினைவை இழக்காமலும், நினைவை இழந்தவர் கைத்தொழிலை மறக்காமலும் இருப்பது இதனாலேயே. மூளையைப் பற்றிய இன்றைய அறிவின் பெரும்பகுதி இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்ததால் கிடைத்ததாகும்.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பல, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கே எழும் ஏல மலைச் சரிவுகளிலும் நடைபெறும் ஏலக்காய்த் தொழிலில் இருந்து தரப்பட்டுள்ளன. மலைத் தோட்டங்களில் பறிக்கப்படும் ஏலக்காய் போடிநாயக்கனூரில் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் விற்பனையாகிறது. சரிவில் நடத்தல், முற்றிய காயை அறிந்து பறித்தல், தரம் பிரித்தல், பல மொழிகளில் பேசுதல் ஆகியவை மேற்கூறிய நான்கு செயற்பாடுகளையும் தெளிவாகக் காட்டுகின்றன.

அமைப்பு

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடை கொண்டது. இது உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை மூளையே பயன்படுத்துகிறது. 2009 ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீட்டின்படி மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இவற்றில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் அமைந்துள்ளன.

மூளையின் முதன்மையான பகுதிகள் பின்வருவன:

பெருமூளை: வலம், இடம் என இரு அரைக்கோளங்களாக அமைந்தது. இதன் மேற்பரப்பில் உள்ள மடிப்புகள் நிறைந்த படலம் பெருமூளைப் புறணி எனப்படும். ஒவ்வொரு அரைக்கோளமும் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடல், தலை உச்சியில் உள்ள உச்சிமடல், காதை ஒட்டிய பொட்டுமடல், பின் தலையில் உள்ள பிடரிமடல் என நான்கு மடல்களாகப் பிரிக்கப்படுகிறது.

ஆழ்ந்த பகுதிகள்: புலன் செய்திகளைப் புறணிக்குக் கடத்தும் தலாமஸ், நினைவுப் பதிவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ், அச்சம் முதலிய உணர்ச்சிகளுடன் தொடர்புடைய அமிக்டலா, இயக்கத்தைச் சீராக்கும் அடித்தள நரம்புமுடிச்சுகள் ஆகியவை பெருமூளையின் உட்பகுதியில் உள்ளன.

சிறுமூளை: பின் தலையின் கீழ்ப்பகுதியில் அமைந்து, சமநிலையையும் அசைவுகளின் நேர ஒழுங்கையும் கவனிக்கிறது.

மூளைத்தண்டு: மூளையைத் தண்டுவடத்துடன் இணைக்கிறது. மூச்சு, இதயத் துடிப்பு, விழிப்பு நிலை ஆகியவற்றை ஆளுகிறது.

நரம்பணுக்கள் தமக்குள் மின் துடிப்புகளாலும் வேதிப்பொருட்களாலும் செய்தி பரிமாறுகின்றன. ஒரு நரம்பணு மற்றொன்றைச் சந்திக்கும் இடம் நரம்பிணைப்பு எனப்படும். அங்கு வெளியிடப்படும் வேதிப்பொருள் நரம்புக்கடத்தி எனப்படும். அசிட்டைல்கோலின், டோப்பமைன், குளூட்டமேட் ஆகியவை நரம்புக்கடத்திகளுக்கு எடுத்துக்காட்டுகள்.

நினைவாற்றல்

நினைவு என்பது ஒரே பொருள் அன்று. அறிவியலாளர் அதைப் பல வகைகளாகப் பிரிக்கின்றனர்.

செயல்நினைவு: சில நொடிகளுக்கு மட்டும் மனத்தில் வைத்துக் கையாளப்படும் செய்தி. ஏலக் கூடத்தில் சற்று முன் வந்த விலையை மனத்தில் நிறுத்தி, அடுத்த விலையைக் கணிப்பது இதனைச் சாரும். மனிதர் ஒரே நேரத்தில் சுமார் ஏழு கூறுகளை நினைவில் வைக்க இயலும் என ஜார்ஜ் மில்லர் 1956 இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் இந்த எண்ணிக்கை நான்கிற்கு அருகில் இருக்கும் எனக் கருதுகின்றன. இதில் முன்மடலும் உச்சிமடலும் முதன்மைப் பங்கு வகிக்கின்றன.

நிகழ்வு நினைவு: ஒருவர் தம் வாழ்வில் நேர்ந்ததை இடத்துடனும் காலத்துடனும் நினைவுகூர்தல். சென்ற ஆண்டு எந்த வாரத்தில் மழை தாமதித்தது என்பதை நினைவுகூர்தல் இவ்வகை.

அறிவு நினைவு: எங்கு, எப்போது கற்றோம் என்பது மறந்தாலும் நிலைத்திருக்கும் பொது அறிவு. ஏலக்காய் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அறிந்திருத்தல் இவ்வகை.

திறன் நினைவு: மிதிவண்டி ஓட்டுதல், நீந்துதல், காய் பறித்தல் போன்ற பழகிய செயல்கள். இவற்றைச் சொற்களால் விளக்குவது கடினம், கை அறிந்திருக்கும்.

இந்தப் பிரிவுகள் உண்மையானவை என்பதை உணர்த்தியவர் ஹென்றி மொலைசன் (1926–2008) என்னும் அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953 இல் அவருக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டு, இரு பொட்டுமடல்களின் உட்பகுதியும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டன. அதன் பின்னர் அவரால் புதிய நிகழ்வு எதையும் நினைவில் நிறுத்த இயலவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்னும் உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தின் மீது கோடிடும் பயிற்சியை அவருக்கு அளித்தபோது, நாளுக்கு நாள் அவரது கை தேர்ச்சி பெற்றது. அப்பயிற்சியை முன்பு செய்ததே அவருக்கு நினைவில்லை. நிகழ்வு நினைவுக்கு ஹிப்போகாம்பஸ் தேவை என்பதும், திறன் நினைவு வேறு வழியில் அமைகிறது என்பதும் இதிலிருந்து அறியப்பட்டன. திறன் நினைவில் அடித்தள நரம்புமுடிச்சுகளும் சிறுமூளையும் முதன்மையானவை.

நினைவு பதியும் முறை

ஒன்றாகத் தூண்டப்படும் நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்பு வலுப்பெறுகிறது. டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகியோர் 1973 இல் முயலின் ஹிப்போகாம்பஸில் இத்தகைய நீடித்த வலுவூட்டலை விவரித்தனர். கற்றவற்றை மூளை உறக்கத்தின்போது மீண்டும் இயக்கி நிலைப்படுத்துகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு உறங்காமல் படிப்பது இதனாலேயே பயன் குறைந்த வழியாகும்.

இட நினைவு

ஏலத் தோட்டங்கள் உயர்ந்த நிழல் மரங்களின் கீழ் அமைந்தவை. ஒரு பகுதி மற்றொன்றைப் போலவே தோன்றும். எனினும் அனுபவமிக்க தொழிலாளர் ஓடை, பாறை, மரம் ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு வழி தவறாமல் திரும்புவர். இதற்கு உதவும் நரம்பணுக்களை ஜான் ஓகீஃப் 1971 இல் எலியின் ஹிப்போகாம்பஸில் கண்டறிந்தார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்திற்கு வரும்போது மட்டும் இவை இயங்கின. மே-பிரித் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோர் 2005 இல் அருகிலுள்ள புறணியில், இடத்தைக் கட்டங்களாக அளக்கும் நரம்பணுக்களைக் கண்டறிந்தனர். மூவருக்கும் 2014 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இலண்டன் வாடகை ஊர்தி ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸ் பின்பகுதி பெரிதாக இருப்பதாக 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

மணமும் நினைவும்

பிற புலன்களின் செய்திகள் தலாமஸ் வழியாகப் புறணியை அடைகின்றன. மணம் மட்டும் தலாமஸைத் தாண்டாமலேயே, முகர்குமிழிலிருந்து அமிக்டலாவுக்கும் ஹிப்போகாம்பஸை ஒட்டிய புறணிக்கும் செல்கிறது. ஒரு மணம் பழைய நினைவை உணர்ச்சியுடன் எழுப்புவதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. ஏலக்காயின் மணத்திற்குச் சினியோல், டெர்பினைல் அசிட்டேட் ஆகிய சேர்மங்கள் முதன்மைக் காரணமாகும். மனித மூக்கில் சுமார் 400 வகை மண உணர்விகள் உள்ளன. ஒரு வாசனை இவற்றில் எவற்றை எந்த அளவில் தூண்டுகிறது என்னும் கோலத்தையே மூளை அந்த வாசனையாக அறிகிறது. மண உணர்விகளின் மரபணுக்களை 1991 இல் விவரித்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகியோர் 2004 இல் நோபல் பரிசு பெற்றனர்.

கவனம்

புலன்கள் வழியாக வரும் செய்தி அனைத்தையும் மூளை ஒரே நேரத்தில் ஆராய இயலாது. அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, மற்றவற்றை அடக்கும் செயலே கவனம் ஆகும். இது இரு வழிகளில் நிகழ்கிறது.

முதலாவது, நோக்கத்தால் வழிநடத்தப்படும் கவனம். ஏலச் செடியின் சரங்கள் தண்டின் அடிப்பகுதியிலிருந்து தோன்றித் தரையை ஒட்டிப் படர்வன. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். பறிப்பவர் முற்றிய காயை மட்டும் தேடுகிறார். அப்போது முன்மடலும் உச்சிமடலும், தேடப்படும் நிறத்திற்கும் வடிவத்திற்கும் உரிய காட்சிப் பகுதிகளின் செயற்பாட்டை உயர்த்துகின்றன.

இரண்டாவது, தூண்டலால் ஈர்க்கப்படும் கவனம். இலைகளுக்கிடையே ஒரு குழிவிரியன் அசைந்தால், தேடிக்கொண்டிருந்த கண் உடனே அங்கு திரும்புகிறது. இது நினைத்துச் செய்வது அன்று. மூளைத்தண்டு, அமிக்டலா, வலப்பக்கப் புறணியின் சில பகுதிகள் ஆகியவை இதில் பங்கு கொள்கின்றன.

கவனத்திற்கு எல்லைகள் உண்டு. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகியோர் 1999 இல் வெளியிட்ட சோதனையில், பந்து எறிதல்களை எண்ணுமாறு பணிக்கப்பட்ட பார்வையாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், காட்சியின் நடுவே நடந்து சென்ற கொரில்லா வேடமிட்டவரைக் காணவில்லை. கண் முன் இருப்பது மட்டும் போதாது, கவனம் அதன்மேல் செல்ல வேண்டும் என்பதே இதன் பொருள். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு செல்லும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இச்சாலையில் கைபேசியில் பேசியபடி ஊர்தி ஓட்டுபவர், கண்ணைச் சாலையில் வைத்திருந்தாலும் எதிரே வருவதைத் தவறவிடக்கூடும்.

நீண்ட நேரம் ஒரே பொருளைக் கவனிப்பதும் கடினமே. நார்மன் மேக்வொர்த் 1948 இல் வெளியிட்ட ஆய்வில், அரிதாக நிகழும் ஒரு குறியைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களின் கண்டறியும் திறன் முதல் அரை மணி நேரத்திலேயே குறைந்தது. ஏலக்காயை முன்னே குவித்து வைத்துக்கொண்டு, வெடித்த காய், நிறம் மங்கிய காய், பூச்சி துளைத்த காய் ஆகியவற்றைப் பொறுக்கி எடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் செய்வது இத்தகைய கவனப் பணியே. பல மணி நேரத்திற்குப் பின் சில காய்கள் தவறினால் அது அக்கறையின்மை ஆகிவிடாது. மூளையின் இயல்பான எல்லையாகவும் இருக்கலாம். இடையில் ஓய்வு தருவதும் வேலையை மாற்றிக் கொடுப்பதும் இக்குறைவைத் தணிக்கின்றன.

வலது உச்சிமடல் பாதிக்கப்பட்ட சிலர், கண்பார்வை நன்றாக இருந்தும் தம் இடப்பக்கத்தை அறவே கவனிப்பதில்லை. தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டு எழுந்துவிடுவர். இது ஒருபக்கப் புறக்கணிப்பு எனப்படுகிறது. இதனைப் பிடிவாதம் எனக் குடும்பத்தினர் பிழையாக எண்ணுவது உண்டு.

மொழி

1861 ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பிறர் பேச்சைப் புரிந்துகொண்டும் "டான்" என்னும் ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் பேச இயலாத ஒரு நோயாளியை ஆராய்ந்தார். அவர் இறந்த பின் மூளையின் இடது முன்மடலில் சிதைவு காணப்பட்டது. 1874 இல் செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருளற்ற சொற்களை உதிர்ப்பவர்களையும், பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள இயலாதவர்களையும் பற்றி எழுதினார். அவர்களிடம் இடது பொட்டுமடலின் பின்பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. இவ்வாறு மொழியை இழத்தல் மொழியிழப்பு எனப்படும்.

புரோக்கா பகுதி பேசுவதற்கும் வெர்னிக்கே பகுதி புரிந்துகொள்வதற்கும் உரியவை எனப் பாடநூல்களில் கூறப்பட்டு வந்தது. இன்றைய ஆய்வுகள் மொழியைப் பல பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளும் சேர்ந்த வலைப்பின்னலாகக் காண்கின்றன. வலக்கைப் பழக்கமுடையோரில் மிகப் பெரும்பாலோருக்கும் இடக்கைப் பழக்கமுடையோரில் பெரும்பாலோருக்கும் மொழி இடது அரைக்கோளத்தையே சார்ந்துள்ளது. காது கேளாதோர் பயன்படுத்தும் சைகை மொழிகளும் இவ்வாறே.

பன்மொழியாளரின் மூளை

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசி, மலை மேல் தோட்டத்தில் மலையாளம் பேசுவோர் உள்ளனர். இவர்களுள் பலர் இம்மொழிகளைப் பள்ளியில் கற்றவர்கள் அல்லர். இவ்வாறு கற்கும் மொழிகள் மூளையில் தனித்தனி இடங்களில் வைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் ஒரே வலைப்பின்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு மொழியில் பேசும்போது மற்ற மொழியின் சொற்களும் எழ முயல்கின்றன. அவற்றை அடக்கி உரிய சொல்லைத் தேர்வது முன்மடலும் அடித்தள நரம்புமுடிச்சுகளும் செய்யும் பணியாகும். கவனத்திற்குப் பயன்படும் கட்டுப்பாட்டு அமைப்பே இங்கும் பயன்படுகிறது.

ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் உடன் பணியாற்றியோரும் மறதிநோயாளிகள் 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 2013 இல் வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசுவோருக்கு மறதிநோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியிருந்தது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது இந்த ஆய்வின் சிறப்பு. எனவே, இதைப் பள்ளிக் கல்வியின் விளைவு என்று மட்டும் கூறிவிட இயலாது. எனினும் வேறு நாடுகளில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. பன்மொழித்திறன் நோயைத் தடுக்கும் என இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

பக்கவாதத்திற்குப் பின் பன்மொழியாளர் எல்லா மொழிகளையும் ஒரே அளவில் இழக்கலாம். சிலருக்கு ஒரு மொழி முன்னதாக மீளலாம். ஆதலால் நோயாளி அறிந்த மொழிகள் அனைத்தையும் குடும்பத்தினர் மருத்துவரிடம் தெரிவிப்பது பயனுள்ளது. மருத்துவமனையில் பேசப்படும் மொழியில் விடை சொல்லாதவர் தாய்மொழியில் சொல்லக்கூடும்.

இயக்கம்

முன்மடலின் பின் விளிம்பில் இயக்கப் புறணி உள்ளது. இங்கிருந்து புறப்படும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் பக்கம் மாறித் தண்டுவடத்தில் இறங்குகின்றன. இதனால் இட மூளை வலக்கையையும் வல மூளை இடக்கையையும் இயக்குகின்றன. வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும் 1937 இல், அறுவை மருத்துவத்தின்போது விழித்திருந்த நோயாளிகளின் புறணியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, எப்பகுதி எவ்வுறுப்பை இயக்குகிறது என்பதை வெளியிட்டனர். கைவிரல்களுக்கும் முகத்திற்கும் ஒதுக்கப்பட்ட பரப்பு, முதுகுக்கும் தொடைக்கும் உரியதைவிட மிகப் பெரிது. சரத்தைக் குலைக்காமல் ஒற்றைக் காயைக் கிள்ளி எடுக்கும் விரல்நுட்பத்திற்கு இது தேவை.

இயக்கப் புறணியின் கட்டளை மட்டும் போதாது. ஈரமான சரிவில் சுமையுடன் இறங்கும் ஒருவரின் உடலில் பின்வருவன ஒரே நேரத்தில் நிகழ்கின்றன:

உட்காதின் சமநிலை உறுப்புகள் தலையின் சாய்வைத் தெரிவிக்கின்றன. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள் கால் எங்குள்ளது என்பதைத் தெரிவிக்கின்றன. கண்கள் அடுத்த அடிக்குரிய இடத்தைத் தேடுகின்றன. சிறுமூளை, எதிர்பார்த்த அசைவையும் நிகழ்ந்த அசைவையும் ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துகிறது. தண்டுவடத்திலுள்ள நரம்புச் சுற்றுகள் காலடிகளின் தாளத்தைப் பேணுகின்றன. நடப்பவரின் மனமோ வேறொன்றைப் பேசிக்கொண்டிருக்கலாம்.

மதுவால் தடுமாறும் நடை உண்டாவது, அது சிறுமூளையின் செயற்பாட்டைக் குலைப்பதாலாகும். மலைச்சாலை வளைவுகளில் பயணிகளுக்குக் குமட்டல் ஏற்படுவது, உட்காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் முரண்படுவதால் என விளக்கப்படுகிறது. புத்தகத்தையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டு செல்பவருக்கு இம்முரண் மிகுதி. சாலையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அது அரிது.

அடித்தள நரம்புமுடிச்சுகள் உரிய அசைவைத் தொடங்கவும், தேவையற்ற அசைவை அடக்கவும் உதவுகின்றன. இதற்கு டோப்பமைன் தேவை. டோப்பமைனை உண்டாக்கும் நரம்பணுக்கள் அழிவதால் ஏற்படும் நடுக்குவாதத்தை ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் விவரித்தார். உடல் நடுக்கம், விறைப்பு, அசைவுகளின் மந்தம் ஆகியவை இந்நோயின் குறிகள். மூளையில் டோப்பமைனாக மாறும் லெவோடோபா இதற்கு இன்றும் முதன்மை மருந்தாகும். இச்சேர்மம் நம் நாட்டுக் கொடியாகிய பூனைக்காலியின் விதையில் மிகுதியாக உள்ளது. அவ்விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்ததைச் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசுவாமி ஆகிய ஆய்வாளர்கள் 1937 இலேயே வெளியிட்டிருந்தனர். அது நடுக்குவாதத்திற்குப் பயன்படும் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறியப்பட்டது.

கணினியுடன் ஒப்பீடு

மூளையைக் கணினியுடன் ஒப்பிடுவது வழக்கம். இவ்வொப்பீடு ஓரளவுக்கே பொருந்தும்.

கணினியில் நினைவகமும் செயலியும் தனித்தனி. மூளையில், கணிக்கும் நரம்பிணைப்புகளே நினைவையும் தாங்குகின்றன. கணினி வட்டில் எழுதிய கோப்பு திறக்கும்போது மாறுவதில்லை. மனித நினைவோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974 இல் செய்த சோதனையில், ஊர்தி மோதலைக் கண்டவர்கள் மதிப்பிட்ட வேகம், கேள்வியில் பயன்படுத்தப்பட்ட வினைச்சொல்லின் கடுமைக்கேற்ப மாறியது. சாட்சியம் பெறுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நரம்புத் துடிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 100 மீட்டர் அளவிலானது. இது கம்பியில் செல்லும் மின் குறியைவிட மிகவும் மெதுவானது. ஆயினும் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் இயங்குவதால், சுமார் 20 வாட் ஆற்றலில், அதாவது ஒரு சிறிய மின்விளக்குக்குத் தேவையான அளவில், மூளை தன் பணிகளைச் செய்கிறது.

தவறான கருத்துகள்

மனிதர் மூளையில் 10 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்துகின்றனர் என்பது தவறு. மூளைப் படங்களில் பயனற்றுக் கிடக்கும் பகுதி எதுவும் காணப்படவில்லை. சிறிய சிதைவும் ஏதேனும் ஒரு செயற்பாட்டைப் பாதிக்கக்கூடும்.

சிலர் இட மூளைக்காரர், சிலர் வல மூளைக்காரர் என்பதும் சான்றற்றது. மொழி போன்ற சில செயற்பாடுகள் ஒரு பக்கம் சார்ந்திருந்தாலும், இரு அரைக்கோளங்களும் இடையறாது தொடர்பு கொண்டுள்ளன.

உடலுழைப்பு மூளைக்கு வேலை தருவதில்லை என்பது பரவலான எண்ணம். மேலே கண்டவாறு, காயின் முற்றலை அறிதல், சரிவில் நடத்தல், தரம் பிரித்தல் ஆகியவை நினைவு, கவனம், இயக்கம் மூன்றையும் ஒருங்கே வேண்டுவன. மூளையின் நரம்பணுக்களில் பெரும்பகுதி இயக்கத்தைச் சீராக்கும் சிறுமூளையில் அமைந்திருப்பதும் இங்குக் கருதத்தக்கது.

பாதிப்புகளும் முதலுதவியும்

பக்கவாதம்

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006 ஆம் ஆண்டு வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும். அதற்கு முன் இரத்தக் கசிவு இல்லை என்பதை மூளைப் படம் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

மலைத் தோட்டத்திலிருந்து அடிவாரம் சேரவே நேரம் செலவாகும் என்பதால், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் எனக் காத்திருப்பது பெரும் தீங்கு. நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விழுங்க இயலாமல் போயிருக்கக்கூடும் என்பதால் உணவோ நீரோ மாத்திரையோ தரக்கூடாது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்திச் சேவை இயங்கி வருகிறது.

பூச்சிக்கொல்லி நஞ்சு

ஏலப் பயிரை இலைப்பேன், தண்டுத் துளைப்பான் முதலியவை தாக்குவதால், அதற்குப் பூச்சிக்கொல்லி தெளிப்பது மிகுதி. இவற்றுள் சில கரிமபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. நரம்பிணைப்பில் வெளியான அசிட்டைல்கோலினைச் சிதைத்து அகற்றும் நொதியை இவை முடக்குகின்றன. பூச்சியின் நரம்பிலும் மனித நரம்பிலும் இந்நொதி உள்ளது. நொதி முடங்கினால் அசிட்டைல்கோலின் தேங்கி, கண்மணி சுருங்குதல், உமிழ்நீர் பெருகுதல், மிகு வியர்வை, வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும். மூளையில் கவனத்திற்கும் நினைவுக்கும் அசிட்டைல்கோலின் தேவைப்படுவதால் குழப்பமும் வலிப்பும் நேரலாம். நெடுங்காலம் சிறு அளவில் இவ்வகை நஞ்சுக்கு ஆட்பட்டோரிடம் கவனமும் நினைவும் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் ஆய்வு முடிவுகள் அனைத்தும் ஒத்திருக்கவில்லை.

தெளிப்பவருக்கு நஞ்சேறினால் அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, நனைந்த உடைகளைக் களைந்து, தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். உதவுபவர் கையுறை அணிவது நல்லது. வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. மருந்துப் புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அட்ரோபின் இதற்குரிய முதன்மை மாற்றுமருந்து.

வேறு வகையைச் சேர்ந்த எண்டோசல்பான், மூளையின் செயற்பாட்டை அடக்கும் நரம்புக்கடத்தியைத் தடுத்து வலிப்பை உண்டாக்கக்கூடியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் அதன் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றுக்கு நாடெங்கும் தடை விதித்தது.

தமிழ்நாட்டில் மூளை மருத்துவமும் ஆய்வும்

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949 இல் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார்.

1951 இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கை கால் இழந்தோர் அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாக உணர்வதையும், அதில் வலி காண்பதையும் கலிபோர்னியாவில் ஆராய்ந்தார். 1990களில் அவர் எளிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம், இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு அது அமைந்தது. பிம்பத்தின் அசைவைக் கண்ட சிலருக்கு வலி தணிந்தது. மூளை தாங்கியுள்ள உடல் வரைபடம் உறுப்பை இழந்த பின்னும் நிலைத்திருக்கிறது என்பதையும், புலன் செய்தியால் அது மாறக்கூடும் என்பதையும் இது உணர்த்தியது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையைக் காட்டும் மிக நுண்ணிய முப்பரிமாணப் படத்தொகுதியை 2024 டிசம்பரில் வெளியிட்டது. 'தரணி' எனப் பெயரிடப்பட்ட இத்தொகுதியில், கருக்காலத்தின் நடு மும்மாதத்தைச் சேர்ந்த மூளைகளின் 5,132 வெட்டுப் படங்கள் உள்ளன. நினைவுக்கும் கவனத்திற்கும் மொழிக்கும் இயக்கத்திற்கும் உரிய பகுதிகள் தாயின் வயிற்றிலேயே எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதைக் காட்டும் இப்படங்களை, ஆய்வாளரும் மாணவரும் கட்டணமின்றி இணையத்தில் காணலாம்.